மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயருக்குரியவர்: மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் பாதுகாப்பான பிரசவமும்

கருவுற்றதும் உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யச் சென்றபோது ஒரு பெயரைக் கேட்டிருப்பீர்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஏழைத் தாய்மாருக்குப் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் மொத்தம் ரூ.18,000 மதிப்பிலான உதவியைத் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தின் வாயிலாக வழங்கி வருகிறது. திட்டத்தை அறிந்தவர் பலர். அப்பெயருக்குரியவரை அறிந்தவர் சிலரே.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் கூறுவர். அக்கூற்றில் அச்சமும் அடங்கியிருந்தது; நடப்பது நடக்கட்டும் என்ற மனநிலையும் அடங்கியிருந்தது. அந்த மனநிலையை ஏற்க மறுத்தவர் முத்துலட்சுமி. பயிற்சி பெற்றவர் அருகில் இருந்தால் பெரும்பாலான தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பாற்ற இயலும் என்னும் உறுதியுடன் மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார். அவருடைய வாழ்க்கையையும், அது இன்று பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் எவ்வாறு பயன்படும் என்பதையும் இப்பக்கத்தில் காணலாம்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தஞ்சாவூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனி அரசாக விளங்கியது. தந்தை நாராயணசாமி ஐயர் அங்கிருந்த மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். அம்மரபில் வந்த பெண் என்பதால் சிறுமி முத்துலட்சுமியை ஊர் ஏற்ற இறக்கமாகவே நோக்கியது.

பெண் குழந்தைகள் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தபடியே பாடங்களைக் கற்று மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருவர் வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றனர். அவருடைய தாயின் மரபையும் குறை கூறினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். அக்கல்லூரியில் பயின்ற முதல் மாணவி அவரே.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவுக்கு இடையிலும் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912இல் பட்டம் பெற்றார். தமிழ்நாட்டின் முதல் பெண் மருத்துவப் பட்டதாரிகளுள் அவர் ஒருவர். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்ற முதல் பெண்ணும் அவரே.

அக்காலத்துப் பிரசவ அறை

அவர் பணியேற்ற காலத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தன. காவிரிப் பாசன ஊர்களிலும் அதுவே நிலை. வலி கண்டதும் மருத்துவச்சியை அழைத்து வருவர். தாயிடமிருந்து மகளுக்கு என வழிவழியாக வந்த கைப்பழக்கமே அவருடைய கல்வி. இயல்பான பிரசவத்தில் அப்பழக்கம் பேருதவியாக இருந்தது. தாயின் அருகில் அமர்ந்து தேற்றுவதிலும் பொறுமையாகக் காத்திருப்பதிலும் அவர்கள் தேர்ந்தவர்கள்.

சிக்கல் நேர்ந்தபோதோ அவர்களிடம் வழி இருக்கவில்லை. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வெளிவராமல் குருதி பெருகினாலோ, தாய்க்கு வலிப்பு கண்டாலோ செய்வதறியாது நின்றனர். தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்ததால் எத்தனையோ குழந்தைகள் பிறந்த சில நாள்களில் இரணஜன்னி கண்டு இறந்தன. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி அந்த மருத்துவச்சிகளுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

மருத்துவமனை இருந்த ஊரிலும் வேறொரு தடை இருந்தது. ஆண் மருத்துவரிடம் பெண்ணைக் காட்டப் பல குடும்பங்கள் மறுத்தன. வேலூரில் மருத்துவப் பணியாற்றிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கையை மாற்றியதும் இதுவே. இளம்பெண்ணாக அவர் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பிரசவ உதவி வேண்டி வந்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூறியும், ஆண் என்பதால் மூவரும் மறுத்துத் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். பின்னர் மருத்துவம் பயின்று திரும்பிய ஐடா, வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

பெண் மருத்துவர் என்பது அன்று பெருமைக்குரிய செய்தி மட்டுமாக இருக்கவில்லை. பல வீடுகளில் பெண் மருத்துவர் வந்தால்தான் சிகிச்சை உண்டு, இல்லையெனில் இல்லை. முத்துலட்சுமியின் பட்டத்தை அந்தப் பின்னணியில் எண்ணிப் பாருங்கள்.

பட்டம் மட்டும் போதாது: வியன்னா கற்பித்த பாடம்

மருத்துவமனைக்கு வந்துவிட்டாலே ஆபத்து நீங்கிவிடுமா என்னும் கேள்வி உங்களுக்கு எழலாம். இதற்கு விடை கூறும் நிகழ்வு ஒன்று ஐரோப்பாவில், முத்துலட்சுமி பிறப்பதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சிப் பயிற்சி பெறுவோரும் பணியாற்றினர். மருத்துவ மாணவர்களின் பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார் மிகுதி. இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். மாணவர்கள் பிணங்களை அறுத்துக் கற்றபின், கைகளைச் சரிவரத் தூய்மைப்படுத்தாமல் தாய்மாரைப் பரிசோதித்து வந்தனர். 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுவதை அவர் கட்டாயமாக்கியதும் இறப்புகள் விரைந்து குறைந்தன.

மிகுதியாகப் படித்தவர்களின் கைகளே மிகுதியான உயிர்களைப் பறித்தன என்பதே இதன் பாடம். கட்டடமும் பட்டமும் தாயைக் காப்பதில்லை. ஒவ்வொரு முறையும், எவ்வளவு நெருக்கடியிலும், சரியான செயலைத் தவறாமல் செய்யும் பழக்கமே காக்கிறது. அப்பழக்கத்தை உண்டாக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி.

தங்கையின் மரணம்

1914இல் முத்துலட்சுமி மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். திருமணத்திற்குப் பின்னும் தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிக்குத் தடை கூறக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. இரு ஆண் குழந்தைகளுக்குத் தாயானார். மருத்துவப் பணியையும் தொடர்ந்தார்.

1923ஆம் ஆண்டு பெருந்துயரம் நேர்ந்தது. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்நோயை முதலில் சீதபேதி என்றே கருதியிருந்தனர். மருத்துவரான தமக்கையின் குடும்பத்திலேயே நோய் காலத்தில் கண்டறியப்படவில்லை. தங்கையின் வேதனையை அருகிலிருந்து கண்ட அவர், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைப்பதைத் தம் வாழ்நாள் கடமையாகக் கொண்டார். பிழையான நோயறிதலுக்கும் தாமதத்திற்கும் ஒரு குடும்பம் கொடுக்கும் விலையைத் தம் வீட்டிலேயே அறிந்தவர் அவர். துயரத்தை அவர் பழிகூறுதலில் முடித்துவிடவில்லை. அடுத்தவருக்கு அந்நிலை நேராதிருக்க என்ன செய்யலாம் என்று தேடினார்.

சட்டமன்றத்தில் ஒரு மருத்துவர்

1925இல் அரசின் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்ற முத்துலட்சுமி, பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நோய்கள் குறித்துச் செல்சி மருத்துவமனையில் உயர்பயிற்சி பெற்றார். பட்டம் பெற்று 13 ஆண்டுகள் கடந்தபின், நன்கு அறியப்பட்ட மருத்துவராக இருந்த நிலையிலும், மீண்டும் மாணவியாக அமர அவர் தயங்கவில்லை. 1926இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் பங்கேற்றார்.

தாயகம் திரும்பியதும் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்னும் சிறப்பு அவரைச் சேர்ந்தது. 1927இல் அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயாளியின் படுக்கையருகே கண்டவற்றை அவர் அவைக்குக் கொண்டு சென்றார். உங்களுக்கும் உங்கள் குழந்தைக்கும் நேரடியாகத் தொடர்புடைய மூன்று முயற்சிகளை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் தீர்மானம். அதன் பயனாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு திறக்கப்பட்டது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பிரசவம் என்றாலே தாயின் பிரசவம்தான். குழந்தை அழுதால் மகிழ்ச்சி. அழாவிட்டால் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று தேற்றிக்கொண்ட காலம் அது. பிறந்த குழந்தையும் ஒரு நோயாளி, அதற்கென இடமும் பணியாளரும் வேண்டும் என்னும் எண்ணத்திற்கு அப்பிரிவு உருவம் கொடுத்தது.

இரண்டாவது, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்னும் பரிந்துரை. நாளைய தாயின் உடல்நலம் இன்றைய சிறுமியின் உடல்நலத்தில் தொடங்குகிறது. குருதிச்சோகையுடன் வளரும் பெண், பிரசவத்தில் சிறிதளவு குருதி இழந்தாலும் தாங்க மாட்டாள்.

மூன்றாவது, பெண்ணின் திருமண வயதை உயர்த்தும் முயற்சி. உடல் முதிராத சிறுமியர் கருவுற்றுப் பிரசவத்தில் இறப்பதை மருத்துவர் என்ற முறையில் அறிந்திருந்த அவர், திருமண வயதை உயர்த்த வேண்டும் என அவையில் வாதிட்டார். 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக வரையறுத்தது. இன்று அது 18.

தேவதாசி முறையை ஒழிக்கவும் அவர் சட்டமுன்வடிவு கொண்டு வந்தார். கடும் எதிர்ப்பைத் தாண்டி, அம்முறையை முற்றிலும் ஒழிக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. காந்தியடிகள் 1930இல் கைது செய்யப்பட்டபோது முத்துலட்சுமி தம் அவைப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அங்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டன.

தங்கையின் மரணத்தில் தோன்றிய உறுதி 31 ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. 1952இல் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் செயல்படத் தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மறைந்தார்.

இன்றைய நிலை

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. 2018–20 காலத்தில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97 ஆகவும் தமிழ்நாட்டில் 54 ஆகவும் இருந்தது. தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வரும் பயணத்தை நம் தாய்மார் முடித்துவிட்டனர். எஞ்சியுள்ள இறப்புகளைக் குறைக்க, மருத்துவமனைக்குள் நிகழும் கவனிப்பு மேம்பட வேண்டும். பணியாளர் பயிற்சிக்கு அரசு முதன்மை அளிப்பதன் காரணம் இதுவே. அப்பயிற்சியில் கற்பிக்கப்படுபவற்றை நீங்களும் அறிந்திருப்பது நலம்.

• கை கழுவுதல்: ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னும் பின்னும் கட்டாயம். வியன்னாவின் பாடம் இன்றும் முதற்பாடம்.

• பிரசவ வரைபடம்: வலி தொடங்கியபின் கருப்பை வாய் விரிவதையும், குழந்தையின் இதயத் துடிப்பையும், தாயின் இரத்த அழுத்தத்தையும் நேரத்திற்கு நேரம் ஒரே தாளில் குறித்து வருவர். பிரசவம் தடைபடுவதை இத்தாள் முன்கூட்டியே காட்டிவிடும்.

• குருதிப்போக்கைத் தடுத்தல்: குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி போடப்படும். கடும் குருதிப்போக்கு ஓரிரு மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லது. அந்நேரத்தில் யார் மருந்தை எடுப்பது, யார் இரத்தத்திற்குச் சொல்லியனுப்புவது என்பதைப் பணியாளர்கள் ஒத்திகை பார்த்துக் கற்கின்றனர்.

• வலிப்பு நோய்க்கு மருந்து: கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட் ஊசி உயிர் காக்கும்.

• முதல் ஒரு நிமிடம்: பிறந்த குழந்தையை உடனே துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து வைப்பர். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திற்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்ட வேண்டும். பிறந்த குழந்தைகளின் பாதுகாப்புக்கான தேசியப் பயிற்சித் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது.

பிரசவ அறைகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் லக்ஷ்யா திட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. சிக்கலான பிரசவங்களைக் கையாளும் ஒருங்கிணைந்த அவசரகால மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையங்களை மக்கள் சீமாங்க் மையங்கள் என்று அழைக்கின்றனர். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த இராசா மிராசுதார் மருத்துவமனை மகப்பேறு, குழந்தைகள் நலச் சிகிச்சைக்குரிய பெரிய நிலையமாகும். பெயரிலேயே மன்னரும் நிலக்கிழாரும் இடம்பெற்ற அம்மருத்துவமனையில் இன்று வயலில் நடவு நடும் பெண்ணும் கட்டணமின்றிப் பிள்ளை பெறுகிறார்.

மூன்று தாமதங்கள்

தாய் இறப்புகளை ஆராய்ந்த வல்லுநர்கள் மூன்று தாமதங்களைச் சுட்டுகின்றனர். ஆபத்தை உணர்ந்து முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனையை அடைவதில் தாமதம். அடைந்தபின் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவதைக் குறைப்பது மருத்துவமனையின் பொறுப்பு. முதல் இரண்டைக் குறைப்பதில் குடும்பத்தாருக்குப் பெரும் பங்குண்டு.

காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் நீங்கள் சிலவற்றைத் தனியே கருத்தில் கொள்ளுங்கள். நடவு, களையெடுப்பு நாள்களில் பரிசோதனைக்குச் செல்வதை ஒத்திப்போட வேண்டா. இரும்புச்சத்து மாத்திரைகளை இடைவிடாது உட்கொள்ளுங்கள். பிரசவ நாள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருமாயின், அடைமழையில் வாய்க்கால் பெருகிப் பாதை துண்டிக்கப்படக்கூடும். முன்னதாகவே மருத்துவமனைக்கு அருகில் தங்குவது குறித்துச் செவிலியரிடம் கலந்து பேசுங்கள். முதற்பேற்றுக்குத் தாய்வீடு செல்பவர்கள் தாய் சேய் நலப் பதிவேட்டையும் பரிசோதனை முடிவுகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள செவிலியரிடமும் தகவல் கூறுங்கள்.

எந்த மருத்துவமனை, எந்த வண்டி, உடன் வருபவர் யார், இரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பவர் யார், வீட்டிலுள்ள மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பவற்றை எட்டாம் மாதத்திற்குள் முடிவு செய்துவிடுங்கள். கணவர் வெளியூரில் இருந்தால், அவரைக் கேட்காமலே முடிவெடுக்கும் உரிமையை வீட்டில் ஒருவருக்கு முன்கூட்டியே அளித்துவிடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

கருவுற்ற காலத்தில்:
• எவ்வளவு சிறிதாயினும் குருதிப்போக்கு
• கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கைகளும் வீங்குதல், வலிப்பு
• குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நிற்றல்
• பனிக்குடம் உடைதல், கடும் வயிற்று வலி, காய்ச்சல், மூச்சுத்திணறல்

பிரசவத்திற்குப் பின் தாய்க்கு:
• ஒரு மணி நேரத்திற்குள் ஓர் அணையாடை முழுதும் நனையும் அளவு குருதிப்போக்கு
• காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும்
• இடைவிடாத அழுகை, உறக்கமின்மை, தன்னையோ குழந்தையையோ வெறுக்கும் எண்ணம்

பச்சிளங்குழந்தைக்கு:
• பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல்
• வேகமான மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குதல்
• உடல் சில்லிட்டுப்போதல் அல்லது அனலாகச் சுடுதல், வலிப்பு
• உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல், தொப்புளில் சீழ்

இவற்றுள் எது தோன்றினாலும் 108 எண்ணை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். குழந்தைக்குச் சேனை தொட்டு வைத்தல், சர்க்கரை நீர் கொடுத்தல் ஆகியவற்றைத் தவிர்த்து, முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பாலைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்

அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, உணவு, வண்டி வசதி ஆகிய அனைத்தும் இலவசம். 2011 முதல் நடைமுறையிலுள்ள தேசியத் திட்டம் இதனை உறுதி செய்கிறது. பெண் துணை ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்கத் தமிழ்நாடு அரசு 2004 முதலே வழிவகை செய்துள்ளது. அனுமதிக்கும்போதே இது குறித்துக் கேளுங்கள். துணையாக இருப்பவர் தாயைத் தேற்றுவதோடு, குருதிப்போக்கு மிகுவதையோ குழந்தை சோர்வதையோ முதலில் கண்டு சொல்லும் கண்ணாகவும் விளங்குகிறார்.

பரிசோதிக்குமுன் கை கழுவினீர்களா என்று பணிவுடன் கேட்பது மரியாதைக் குறைவாகாது. என் இரத்த அழுத்தம் எவ்வளவு, என் குருதியின் அளவு எவ்வளவு, வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதன் காரணம் என்ன, அங்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். நல்ல பயிற்சி பெற்ற பணியாளர் இக்கேள்விகளை வரவேற்பார்.

எல்லா முயற்சியையும் மீறி ஓர் உயிர் பிரிந்துவிட்டால், அக்குடும்பத்தின் துயருக்கு ஈடேதுமில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பும் தணிக்கைக்கு உட்படுத்தப்படுகிறது. குடும்பத்தாரிடம் நேரில் விவரம் கேட்கப்படும். மாவட்ட அளவிலான ஆய்விலும் அவர்கள் பங்கேற்கலாம். யாரைத் தண்டிப்பது என்று தேடுவது அதன் நோக்கமன்று. எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது, எப்பயிற்சி குறைந்தது, எது இல்லாமற்போனது என்று கண்டறிந்து அடுத்த தாயைக் காப்பதே நோக்கம். அந்நேரத்தில் பேசுவது கடினம்; எனினும் நடந்ததை நடந்தவாறே கூறுங்கள். தங்கையை இழந்த முத்துலட்சுமி செய்ததும் அதற்கு ஒப்பானதே. தம் இழப்பைப் பிறருக்கான காப்பாக அவர் மாற்றினார்.

முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாளான ஜூலை 30ஐத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகின்றன. அவர் பெயரிலுள்ள நிதியுதவிக்கான தகுதி, தவணை விவரங்களை உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அறிந்துகொள்ளலாம். கருவுற்றது உறுதியானவுடன், 12 வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள்.